கடை போர்டு ஷீட்டில் ஒரு கிளைடர்

'கடை போர்டுக்கு வாங்குகிற சன்பேக் ஷீட்டில் ரிமோட் கிளைடர் செய்து வீடியோவில் காட்டுகிறார்களே, உண்மையா?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். செய்யலாம், பறக்கும். அரை மணி நேரத்தில் முடியும், பருந்து போல மிதக்கும் என்பதைத்தான் நம்ப வேண்டாம். 4 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 700 கிராம். ஒன்றரை மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலமுள்ள இறக்கைக்கு மேலும் கீழுமாக 0.6 சதுர மீட்டர் வேண்டும். இறக்கை மட்டுமே 420 கிராம்! அதே அளவு நுரைக் கிளைடர்கள் பல, மோட்டார், பேட்டரியோடு சேர்த்தே ஒரு கிலோவுக்குள் அடங்கும். எடை கூடினால் வேகம் கூட வேண்டும். மோட்டாரை அணைத்தால் சீக்கிரம் தரைக்கு வந்துவிடும்.

1990களில் அமெரிக்க ஆர்வலர்கள் இதே ஷீட்டாலான தேர்தல் பலகைகளையும் மழைநீர்க் குழாய்களையும் வைத்து இப்படி விமானம் கட்டினார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

எனக்குப் பிடித்த விஷயம் வாலில் இருக்கிறது. வாலின் அசையும் தட்டான எலிவேட்டர் மேலும் கீழும் அசையக் கீல் வேண்டும். இந்த ஷீட்டில் தனிக் கீல் தேவையில்லை. இரண்டு மெல்லிய தோல்கள், நடுவே வரிசையாகச் சுவர்கள், அவற்றுக்கிடையே நீளநீளமான குழல்கள். ஒரே ஒரு குழலின் நெடுகே மேல்தோலை மட்டும் கீறி எடுத்துவிட்டால், மிஞ்சும் அடித்தோலே கீல். ஷீட் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்; திறந்து மூடும் ஷாம்பு பாட்டில் மூடியின் கீலும் இதேதான்.

இந்தக் கீல் ஏன் அறுவதில்லை? உள்ளே நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் சிக்குப்பிடித்த தலைமுடி போலக் கிடக்கின்றன. முதல் மடிப்புதான் சீப்பு. மெதுவாக, முழுதாக மடித்தால் சங்கிலிகள் மடிப்புக்குக் குறுக்கே நீண்டு வரிசைப்படுகின்றன. வாரிய முடியைப் பின்னினாற்போல அந்த இடம் உறுதியாகிறது. வெடுக்கென்று இழுத்தால் முடி அறுவது போல, குளிர்ந்த ஷீட்டை வேகமாக ஒடித்தால் விரிசல் விழும். வெதுவெதுப்பாக இருக்கும்போது மடிப்பது நல்லது. எண்ணெய் தடவி வாருவதைப் போல.

குழல்கள் இறக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும். மாற்றி வெட்டினால் இறக்கை நடுவில் மடங்கிவிடும். சாதாரணப் பசை இதில் ஒட்டாது. இறக்கையை உடலோடு ரப்பர் பேண்டால் கட்டுவதே நல்லது.

தெருவில் கிடக்கும் பழைய போர்டில் இலவசமாகச் செய்யலாம் என்கிறார்கள். வெயிலின் புற ஊதாக்கதிர் அந்தச் சங்கிலிகளைத் துண்டுதுண்டாக்கியிருக்கும். துண்டான முடியை வாரிப் பின்ன முடியுமா? வெட்டுவதற்கு முன் ஒரு மூலையை மடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால், கடையில் புது ஷீட் வாங்குங்கள்.