தாத்தாவின் மௌனத்தை வெட்டலாமா?

தேக்காவில் பூக்கடை வைத்திருந்த என் தாத்தாவின் நினைவுகளைப் பல்கலைக்கழகப் பாடத்துக்காகக் கைப்பேசியில் பதிவுசெய்தேன். இரண்டு மணி நேரப் பதிவு. வகுப்புக்குத் தேவைப்பட்டதோ ஐந்தே நிமிடம்.

கணினியில் இடைவெளிகளைத் தானாகக் குறைக்கும் வசதியை இயக்கினேன். கேட்டபோது ஏதோ உறுத்தியது. மறைந்த பாட்டியைப் பற்றிப் பேசுமுன் தாத்தா நெடுநேரம் அமைதியாக இருந்தார். அந்த அமைதியைக் காணோம்! நல்லவேளை, மூலப் பதிவு கைப்பேசியில் இருந்தது.

அன்று கற்றுக்கொண்டது இதுதான்: மூலத்தைத் தொடாதீர்கள், நகலில் மட்டும் வெட்டுங்கள். 'ஆடாசிட்டி' போன்ற இலவச மென்பொருளில் 'வேவ்' வடிவில் தொகுத்து, முடிந்தபின் 'எம்பி3' ஆக்குங்கள். குறுந்தட்டுத் தரத்தில் ஒரு மணி நேர வேவ் கோப்பு சுமார் 635 மெகாபைட். 128 கிலோபிட் எம்பி3 சுமார் 58 மெகாபைட்தான். ஆனால், எம்பி3 ஆக்கும்போது இழக்கும் ஒலி நுணுக்கங்கள், மீண்டும் வேவ் ஆக்கினாலும் திரும்பி வரா.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979ல் தொடங்கியது. நம் வீட்டுக் குரல்களை நாம்தான் சேமிக்க வேண்டும். இந்த வார இறுதியில் உங்கள் தாத்தா, பாட்டியிடம் அனுமதி கேட்டுப் பதிவைத் தொடங்குங்களேன்.