மாத்திரையா, இன்ஹேலரா?

"இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாதாமே, மாத்திரையே கொடுங்க டாக்டர்." இளைப்பு உள்ளவர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். இன்ஹேலர் வீரியமானது, மாத்திரை சாதுவானது என்று ஒரு நினைப்பு. அளவைக் கணக்குப் பார்த்தால் கதை தலைகீழ்.

சுருங்கிய மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வழக்கமாக வருவது 100 மைக்ரோகிராம். மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம். 4 மில்லிகிராம் மாத்திரை, 40 முறை அழுத்துவதற்குச் சமம்!

விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து, கல்லீரலைக் கடந்து, ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றித்தான் நுரையீரலுக்கு வருகிறது. அதனால்தான் அவ்வளவு மருந்து தேவைப்படுகிறது. போகிற வழியில் இதயத்தையும் தசைகளையும் சீண்டுவதால் படபடப்பும் கைநடுக்கமும் கூடுதல். வேலை செய்ய அரை மணி நேரம் ஆகலாம். உள்ளிழுத்த மருந்து நேரே மூச்சுக்குழாயில் படிவதால் சில நிமிடங்களிலேயே மூச்சு இளகும்.

வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டுக்கும் இதே நியாயம்தான். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கியிருக்கும். புடெசொனைடு போன்ற ஸ்டீராய்டைத் தினமும் சிறு அளவில் உள்ளிழுத்தால் அந்த வீக்கம் அடங்கும். நிறுத்தினால் பலருக்குத் திரும்பவும் வரும். அதைத்தான் 'பழக்கம்' என்று தவறாக நினைக்கிறோம். மாறாக, பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் எலும்பு தேயலாம், சர்க்கரை ஏறலாம், கண்புரை வரலாம். ஆனாலும் கடுமையான இழுப்பு வந்தால் சில நாட்களுக்கு அந்த மாத்திரை தேவைப்படும். அப்போது அதற்கும் பயப்பட வேண்டாம்.

இன்ஹேலரின் பலவீனம் நம் கையில் இருக்கிறது. நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக உள்ளிழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். தவறினால் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இன்ஹேலரோடு பொருத்தும் 'ஸ்பேசர்' குழாய் உதவும். தூள் மருந்தை உள்ளிழுக்க உதவும் ரோட்டாஹேலர் கருவியில் போட வேண்டிய கேப்ஸ்யூலை விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு! ஸ்டீராய்டு இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வரும் அபாயம் குறையும்.

உடனடி நிவாரண இன்ஹேலரை அடிக்கடி தேட வேண்டியிருந்தால் உள்ளே வீக்கம் அடங்கவில்லை என்று பொருள், மருத்துவரைப் பாருங்கள். ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூச்சு போதவில்லையா? இன்ஹேலரை எடுத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.