சிறப்புக் கல்வி ஆசிரியராவது எப்படி? கார்ஹிங் வாழ் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை ஒன்று மாதக்கணக்கில் வகுப்பறையில் பேசாமலே இருக்கிறது. ஜெர்மன் மொழி இன்னும் பழகாததுதான் காரணமா? அல்லது பேச்சிலோ, செவித்திறனிலோ, கற்றலிலோ அக்குழந்தைக்கு உதவி தேவைப்படுகிறதா? வீட்டில் தமிழும் பள்ளியில் ஜெர்மனும் கேட்டு வளரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இக்கேள்வி புதிதன்று. இதற்கு முறையாக விடை காணவும், தேவையான உதவியை வகுப்பறையிலேயே அளிக்கவும் பயிற்சி பெற்றவரே சிறப்புக் கல்வி ஆசிரியர். அப்பணிக்குரிய பல்கலைக்கழகப் படிப்பைப் பற்றி இக்கட்டுரை விளக்குகிறது.

எங்கே படிக்கலாம்?

கார்ஹிங்கில் வளாகம் கொண்டுள்ள மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பு இல்லை. மியூனிக் நகரிலுள்ள லுட்விக் மாக்ஸிமிலியன் பல்கலைக்கழகம் இதனை வழங்குகிறது. கார்ஹிங்கிலிருந்து யு6 சுரங்க ரயிலில், வண்டி மாறாமலே அங்குச் செல்லலாம். பவேரியாவில் வூர்ட்ஸ்பர்க், ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகங்களிலும் இப்படிப்பு உண்டு. மியூனிக்கில் பருவக் கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும். தனியாகக் கல்விக் கட்டணம் இல்லை.

படிப்பின் அமைப்பு

ஜெர்மனியின் பல மாநிலங்களில் ஆசிரியர் கல்வி இளநிலை, முதுநிலை என இரு பட்டங்களாக அமைந்துள்ளது. பவேரியாவில் அவ்வாறன்று, படிப்பு அரசுத் தேர்வில் நிறைவடைகிறது. அதன் கால அளவு 9 பருவங்கள், அதாவது நான்கரை ஆண்டுகள். மொத்தம் 270 தகுதிப் புள்ளிகள் பெற வேண்டும்.

மாணவர் உளவியலும் பொதுக் கல்வியியலும் கற்கிறார். தொடக்கப் பள்ளி அல்லது நடுநிலைப் பள்ளிப் பாடங்களைக் கற்பிக்கும் முறையையும் பயில்கிறார். இவற்றோடு சிறப்புக் கல்வித் துறையில் ஆழ்ந்த பயிற்சி பெறுகிறார். ஜெர்மனியில் இத்துறை ஏழு பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது: கற்றல், பேச்சும் மொழியும், உணர்வு மற்றும் சமூக வளர்ச்சி, அறிவு வளர்ச்சி, உடல் மற்றும் இயக்க வளர்ச்சி, செவித்திறன், பார்வைத்திறன். எல்லாப் பிரிவுகளும் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் கிடைப்பதில்லை. ஆகவே, எந்தக் குழந்தைகளோடு பணியாற்ற விரும்புகிறீர்கள் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டு, அதன்பின் பல்கலைக்கழகத்தைத் தேர்வு செய்வது நன்று.

பள்ளிகளில் நேரடிப் பயிற்சி கட்டாயம். பள்ளிக்கு வெளியே ஏதேனும் ஒரு தொழில் நிறுவனத்திலும் 8 வாரங்கள் பணியாற்ற வேண்டும். முதல் அரசுத் தேர்வில் வென்றபின், இரண்டு ஆண்டுகள் ஊதியத்துடன் பள்ளியில் பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றி, இரண்டாம் அரசுத் தேர்வை எழுத வேண்டும். ஆக, முழுத் தகுதி பெற ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள் ஆகும்.

பணி எங்கே?

சிறப்புப் பள்ளிகள் முதன்மையான பணியிடங்கள். நமக்கு அருகிலுள்ள உண்டர்ஷ்லைஸ்ஹைமில் பார்வைக் குறைபாடு உடையோருக்கான கல்வி மையம் இயங்குவதைப் பலர் அறிந்திருப்பீர்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கை 2009இல் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து 2011இல் பவேரியப் பள்ளிச் சட்டம் திருத்தப்பட்டு, அனைவரையும் உள்ளடக்கிய கல்வி எல்லாப் பள்ளிகளின் கடமையாயிற்று. எனவே, சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் பொதுப் பள்ளிகளுக்கும் சென்று, மாணவர்களுக்கு உதவுவதோடு ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை வழங்குகின்றனர்.

தமிழ் அறிந்தோர் ஏன் தேவை?

ஜெர்மன் மொழி போதிய அளவு தெரியாதிருப்பது மட்டும் சிறப்புக் கல்வித் தேவை ஆகாது. உண்மையான மொழி வளர்ச்சிக் குறைபாடு குழந்தை பேசும் எல்லா மொழிகளிலும் வெளிப்படும். ஒரு மொழியில் மட்டும் தோன்றும் தயக்கம் பெரும்பாலும் பழக்கக் குறைவே. இதனைப் பிரித்தறிய, குழந்தை தமிழில் எவ்வாறு பேசுகிறது என்பதை யாரேனும் அறிந்து சொல்ல வேண்டும். தவறாகக் கணித்தால், உதவி வேண்டாத குழந்தை வேறு பள்ளிக்கு அனுப்பப்படலாம். உதவி வேண்டிய குழந்தையோ "மொழி வந்தால் சரியாகிவிடும்" என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம். இரண்டுமே இழப்புத்தான். இங்கே வளர்ந்து இரு மொழிகளிலும் தேர்ந்த நம் இளையோர் இத்துறைக்கு வந்தால், இவ்விழப்பைத் தவிர்க்கப் பெரிதும் உதவ முடியும்.

யார் சேரலாம்?

• ஜெர்மனியில் "அபிட்டூர்" தேர்வில் வென்றவர்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

• இந்தியாவில் 12ஆம் வகுப்பு மட்டும் முடித்தவர்களுக்குப் பொதுவாக நேரடிச் சேர்க்கை கிடைக்காது. "ஸ்டூடியன்கொலெக்" என்னும் ஓராண்டு ஆயத்தப் படிப்பு ஒரு வழி. அது மியூனிக்கிலேயே உள்ளது. படிப்பு முழுவதும் ஜெர்மன் மொழியில் நடைபெறுவதால் உயர்நிலை மொழித் தேர்ச்சி இன்றியமையாதது.

• இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் ஏற்புப் பெற்ற சிறப்புக் கல்விப் பி.எட். பட்டம் உடையோர், அதனைக்கொண்டு உடனே இங்கு அரசுப் பள்ளி ஆசிரியராக இயலாது. பவேரியக் கல்வித் துறையிடம் தகுதி ஒப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பட்டச் சான்றிதழோடு பாடவாரியான மதிப்பெண் பட்டியல்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பல்கலைக்கழகப் படிப்பு வேண்டாதவர்கள், மாற்றுத்திறனாளிகளைப் பராமரித்து வழிநடத்தும் "ஹைல்எர்ட்ஸீஉங்ஸ்ஃப்ளேக" என்னும் தொழிற்பயிற்சியைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதற்படி

விண்ணப்பிக்கும் முன் ஒரு சிறப்புப் பள்ளியில் சில நாட்கள் பார்வையாளராக இருக்க அனுமதி கேளுங்கள். பின்னர்ப் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனை மையத்தை அணுகி, அவ்வாண்டுக்குரிய விண்ணப்பக் காலக்கெடுவையும் சேர்க்கை விதிகளையும் கேட்டறியுங்கள். ஆறரை ஆண்டுகள் நீண்ட காலமே. ஆயினும், தன் பேச்சை யாரேனும் புரிந்துகொள்ள மாட்டார்களா என்று வகுப்பறையில் காத்திருக்கும் குழந்தைக்கு, அவ்வாறு தேர்ந்த ஆசிரியர் ஒருவர் கிடைப்பது பெரும் துணையாகும்.