பெரியப்பாவின் பெட்டியில் மீண்டும் வெளிச்சம்

சித்தியவானில் பெரியப்பா வீட்டுப் பின்கட்டில் ஓர் ஆள் உயரப் பெட்டி நிற்கிறது. அதன் தலையில் இட்லிச் சட்டி, முறுக்குக் குழல், சில்லறை போட்டு வைத்த ஒரு மைலோ டின். போர்த்தியிருக்கும் கான்வாஸை விலக்கினால் கறுத்த கண்ணாடித் திரை. அதற்குக் கீழே இரண்டு கம்புகள், பன்னிரண்டு பொத்தான்கள், காசு போடும் துளை. 1990-களில் பெரியப்பா நடத்திய ஒட்டுக்கடை வாசலில் நின்ற வீடியோ கேம் இயந்திரம் அது.

பள்ளி விடுமுறைக்கு ஈப்போவிலிருந்து வந்து இறங்கியதும் நாங்கள் ஓடியது அதனிடம்தான். 20 காசு போட்டால் ஓர் ஆட்டம். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. (எங்கள் பெட்டியில் இருந்தது அசலா நகலா என்று பெரியப்பாவிடம் கேட்கக்கூடாது.) எட்டு வீரர்களில் தோட்டத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் டால்சிமைத்தான் எடுப்பார்கள். கை கால்கள் ரப்பர் போல நீளும் இந்திய யோகி, நெருப்பும் துப்புவார். 'நம்ம ஆளு' என்று சொல்லிக்கொண்டே தோற்போம். டால்சிம் நடை அப்படி, ஆமை நடை.

2000-களின் தொடக்கத்தில் வீடியோ கேம் மையங்கள் மீது அரசாங்கத்தின் பிடி இறுகியது. மாணவர்கள் பள்ளிக்கு மட்டம் போடுகிறார்கள், சூதாட்ட இயந்திரங்கள் ஒளித்து வைக்கப்படுகின்றன என்பவை அன்றைய புகார்கள். ஒற்றைப் பெட்டி வைத்திருந்த பெரியப்பாவும் வம்பு வேண்டாமென்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பிறகு கடையும் போய்விட்டது.

சென்ற ஆண்டு, காப்பிக் கடை திறக்கவிருந்த ஒருவர் பெட்டியை 400 வெள்ளிக்குக் கேட்டார். அவருக்கு மரப்பெட்டி மட்டும் போதும். உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு எல்சிடி திரையும், ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் அடங்கிய சின்னப் பலகையும் வைத்துவிடுவாராம். பழைய பிக்சர் டியூப் இரும்புக் கடைக்கு. பெரியம்மாவுக்கு முழுச் சம்மதம். பெரியப்பா, "விக்கிறதுன்னா வித்திரலாம்" என்றார். மறுநாள் காலை அவர் ஈரத்துணியால் அந்தக் கான்வாஸைத் துடைத்துக்கொண்டிருந்ததாக அண்ணி சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான், "தீபாவளி வரைக்கும் டைம் கொடுங்க" என்று பெரியம்மாவிடம் கெஞ்சினேன்.

ஆட்டம் இருந்த மின்பலகை செத்துப் பல காலம். பல்லி குடித்தனம் நடத்திய தடயங்கள் அதில் இருந்தன. ஆனால் அண்ணன் மகனிடம் நிண்டெண்டோ ஸ்விட்ச் இருக்கிறது. அதே ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்டங்களின் தொகுப்பைக் கேப்காம் 2018-இல் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4 போன்றவற்றுக்கு வெளியிட்டிருக்கிறது. அதை இந்தப் பழைய திரையில் ஓட்டினால்? ஒரு கம்பி வாங்கிச் செருகினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

டியூபை ஏன் தூக்கிப் போடக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இனி அது கிடைக்காது. ஒரு காலத்தில் நம் நாட்டிலேயே, சிரம்பானில் இருந்த சாம்சுங் எஸ்டிஐ தொழிற்சாலையில், பிக்சர் டியூப் தயாரித்தார்கள். இன்று அங்கே மின்கலன் தயாரிக்கிறார்கள். 2019-இல் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டதும் வீடுகளில் மிச்சமிருந்த தடித்த தொலைக்காட்சிகளும் குப்பைக்குப் போயின. டியூபில் எலெக்ட்ரான் கற்றை ஒன்று மேலிருந்து கீழாக, வரி வரியாகப் படத்தை வரைகிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே மெல்லிய இருட்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இன் படம் அகலத்தில் 384, உயரத்தில் 224 புள்ளிகள், அவ்வளவுதான். அந்த இருட்டும், புள்ளிகள் ஒன்றோடொன்று லேசாகக் கரைவதும் சேர்ந்துதான் அதற்கு உருவம் கொடுத்தன. அதையே எல்சிடியில் போட்டால் செங்கல் அடுக்கிய மாதிரி இருக்கிறது.

ஆயர் தாவாரில் தொலைக்காட்சி பழுது பார்த்துவந்த சீனப் பெரியவர் ஒருவரைப் பெரியப்பாவுக்குத் தெரியும். தொழிலை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர், 'டியூப்' என்றதும் வந்துவிட்டார். முதல் வேலையாக எங்களை மூன்றடி தள்ளி நிற்கச் சொன்னார். வண்ண டியூபின் பின்பக்கம் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கண்ணாடிக்குள் தங்கியிருக்கும். அதை இறக்கத் தெரியாதவர் பின்கதவைத் திறக்கவே கூடாது. ஆர்வத்தில் திறந்துவிடப் போகிறவர்களுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பெட்டியின் அடியில் கனமான இரும்புக் கட்டி போல ஒன்று கிடந்தது. அது தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர். வீட்டு மின்சாரத்துக்கும் திரைக்கும் நடுவே காவலாக நிற்பது. அது இல்லாவிட்டால் இத்தகைய பழைய திரைகளின் இரும்புச் சட்டமே நம்மை அடிக்கலாம். பழையதைக் கழற்றுகிறவர்கள் முதலில் வீசுவது அதைத்தானாம்.

உப்பிப்போன கெபாசிட்டர்களை மாற்றிய பிறகு திரையில் சாம்பல் வெளிச்சம் வந்தது. கூடவே மெல்லிய 'கீ' என்ற ஒலி. அண்ணன் மகன் காதைப் பொத்திக்கொண்டான். எனக்கு லேசாகக் கேட்டது. பெரியப்பாவுக்கும் அந்தப் பெரியவருக்கும் ஒன்றுமே கேட்கவில்லை. வினாடிக்குச் சுமார் 15,700 அதிர்வு உள்ள ஒலி அது, வயது ஏற ஏறக் காதை விட்டுப் போய்விடும். எஃப்எம் வானொலி 15,000 அதிர்வுக்கு மேல் ஒலியைக் கொண்டுபோகாது. நான் பிழைக்கும் தொழிலால் உங்கள் காதுக்குக் கொண்டுவர முடியாத சத்தம் அது.

அந்த எண்ணில்தான் சிக்கலே. இந்தத் திரை ஒரு படத்துக்கு 262 வரி, வினாடிக்கு 60 படம், ஆக 15,720 வரி வரையும். அதற்கு அந்த ஒரு வேகம்தான் தெரியும். ஸ்விட்ச் தரும் ஆகக் குறைந்த தரமான 480பி-யிலேயே வினாடிக்கு 31,500 வரி. 1080பி என்றால் 67,500. நடக்கிற கிழவரை மோட்டார் சைக்கிளில் கட்டி இழுத்த கதை.

இது தெரியாமல், எச்டிஎம்ஐ-யை விஜிஏ-வாக மாற்றும் சிறு பெட்டி ஒன்றை வாங்கி, பெரியவர் இல்லாத நாளில் நானே நேரடியாக இணைத்துவிட்டேன். 'கீ' என்றது வீறிட்டது. திரையில் படம் கிழிந்து துண்டு துண்டாக ஓடியது. அண்ணன் மகன்தான் பிளக்கைப் பிடுங்கினான். இன்னும் சற்று விட்டிருந்தால் வரிகளை ஓட்டும் டிரான்சிஸ்டர் எரிந்திருக்கும். பெரியவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "லு மாவ் புனு டியா கா?" என்றார். அதைக் கொல்லப் பார்க்கிறாயா? மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டது இன்னும் காதில் இருக்கிறது. காப்பிக் கடைக்காரரிடமே கொடுத்திருக்கலாமோ என்று அன்றிரவு தோன்றியது.

நல்ல வேளையாகத் திரை பிழைத்துக்கொண்டது. அடுத்த முறை, நடுவில் இன்னொரு பலகை வைத்தோம். விஜிஏ வேகத்தைப் பாதியாக்கி, பழைய திரைக்கு ஏற்ற 15 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கித் தரும் பலகை. ஸ்விட்ச்சின் அமைப்பில் 480பி என்று வைத்தோம். (பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர்கள் எச்டிசிபி என்ற பூட்டையும் அமைப்பில் திறந்துவிட வேண்டும். பிளேஸ்டேஷன் 3-இல் எச்டிஎம்ஐ வழியாக அதைத் திறக்க முடியாது.) படம் நின்றது, ஆனால் அமாவாசை இருட்டு. வீட்டுக் கருவிகள் ஒவ்வொரு நிறத்துக்கும் 0.7 வோல்ட் அனுப்பும். இந்தத் திரையோ அதைப் போலப் பல மடங்கு எதிர்பார்க்கும். அதற்கொரு சிறு பெருக்கி.

வெளிச்சம் வந்ததும் பார்த்தால் எல்லா வீரர்களும் பட்டினி கிடந்தவர்கள் போல ஒல்லி. அகலத் திரைக்கான படம் சதுரத் திரைக்குள் நசுங்கியிருந்தது. ஆட்டத்தின் அமைப்பில் படத்தை அகலமாக இழுத்து நிரப்பும் தேர்வைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. அங்கே இழுத்தது இங்கே நசுங்கி, அசல் உருவம் வந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்தது பன்னிரண்டு வயதுப் பையன்.

பெட்டிக்குள் ஒரு கம்பியைக்கூட நாங்கள் வெட்டவில்லை. 1985-இல் ஜப்பானியத் தயாரிப்பாளர் சங்கம் ஜம்மா என்ற பொது இணைப்பை வகுத்தது. 56 தொடுமுனைகள் கொண்ட ஒரே பல்வரிசையில் படம், ஒலி, மின்சாரம், பொத்தான் எல்லாம் அடக்கம். செத்த பலகையை உருவிவிட்டு அதே பல்வரிசையில் எங்கள் இணைப்பைச் செருகினோம். உதைக்கும் பொத்தான்களுக்கு மட்டும் தனிக் கம்பி. கம்பும் பொத்தானும் வெறும் சுவிட்சுகள்தான், ஸ்விட்ச் ஏற்கும் யுஎஸ்பி பலகை ஒன்று போதும். நாளை அசல் பலகை கிடைத்தால் எல்லாவற்றையும் உருவிவிட்டு அதைப் போட்டுக்கொள்ளலாம்.

செலவு 300 வெள்ளியைத் தாண்டியது. விற்றிருந்தால் கிடைத்திருக்கும் 400-ஐயும் கூட்டி, 700 வெள்ளி நட்டம் என்று பெரியம்மா இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறார்.

தீபாவளியன்று பெரியவரும் வந்திருந்தார். திரையின் வலது மூலையில் சிவப்பு கொஞ்சம் கசிகிறது, படம் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று மலாயில் சொல்லிவிட்டு முறுக்கை எடுத்துக்கொண்டார். பெரியப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டால்சிமைத்தான் எடுத்தார். பேரனிடம் மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றார்.

காசுத் துளையையும் ஒரு பொத்தானாக இணைத்திருந்தோம், காசு விழுந்தால்தான் ஆட்டம். ஆனால் 2012-இல் வந்த மஞ்சள் நிற 20 காசு சிறியது, துளைக்குள் பிடிபடாமல் நேராகக் கீழே விழுந்துவிடுகிறது. பழைய வெள்ளை 20 காசுதான் வேண்டும். பெரியம்மா எழுந்துபோய் மைலோ டின்னைக் கவிழ்த்தார். பதினேழு இருந்தன. எண்ணிக் கொடுத்துவிட்டு, "எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்திரணும்" என்றார். அண்ணன் மகன் அடுத்த காசைப் போட்டான்.