விற்கும் உரிமை வாங்குமுன் டெல்டா, தீட்டா கேளுங்கள்

ராஜஸ்தானில் பெருமளவு விளையும் கொத்தவரை விதைக்கு 2018 ஜனவரியில் முன்பேரச் சந்தையில் 'ஆப்ஷன்' வியாபாரம் தொடங்கியது. பிரீமியம் கட்டினால், குறித்த விலையில் விற்கும் உரிமை விவசாயிக்குக் கிடைக்கும். விலை ஏறினால் உரிமையை விட்டுவிடலாம். பிரீமியமும் தரகும்தான் நஷ்டம்.

இந்தப் பிரீமியமும் தினமும் ஏறி இறங்கும். உதாரணமாக, குவிண்டாலை 5,000 ரூபாய்க்கு விற்கும் உரிமையை 150 ரூபாய் கொடுத்து வாங்கியதாக வைத்துக்கொள்வோம். விதை விலை 100 ரூபாய் இறங்கும்போது பிரீமியம் 40 ரூபாய் ஏறினால் டெல்டா 0.4. (விற்கும் உரிமைக்கு மைனஸ் குறி போடுவார்கள். காவிரி டெல்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) அதாவது, அன்றைய நிலையில் 100 ரூபாய் சரிவுக்கு 40 ரூபாய்தான் ஈடு. விலை மேலும் சரியச் சரிய டெல்டா 1-ஐ நெருங்கும்.

தீட்டா என்பது, விலை அசையாவிட்டாலும் நாளொன்றுக்குப் பிரீமியத்தில் தேயும் தொகை. சந்தை விலை 5,000 ரூபாயை ஒட்டியே நின்றால், கெடு நெருங்கும் நாட்களில் தேய்மானம் வேகம் பிடிக்கும். விலை எப்படிப் போகுமோ என்ற கலக்கம் சந்தையில் பரவினாலோ பிரீமியம் கூடும். அதை அளப்பது வேகா. ஆகவே மழை பொய்த்த பிறகு ஓடிப்போய் வாங்கினால் செலவு அதிகம்.

உரிமையை விற்றுப் பிரீமியம் சம்பாதிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் விலகி நில்லுங்கள். விற்றவரின் நஷ்டம் பிரீமியத்தோடு நிற்காது.