நோயாளியின் வாய்மொழியும் நோயின் அளவும்

நுரையீரல் நோயை அளக்கக் கருவிகள் உண்டு. ஊதிப் பார்க்கும் கருவி, முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்பதைக் காட்டும். ஆயினும் அவ்வெண் ஒன்றேயாகவுள்ள இருவருள் ஒருவர் நெடுந்தூரம் நடப்பார். மற்றவர் சட்டையை மாட்டுவதற்குள் மூச்சிரைத்து அமர்வார். இவ்வேறுபாட்டை நோயாளியன்றி வேறெவர் கூற இயலும்?

இம்முறை நமது தொழிலுக்குப் புதிதன்று. லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளரை 1950-களில் ஆராய்ந்த ஷில்லிங் என்னும் மருத்துவர், வார விடுமுறை கழிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியதும் மார்பு இறுகுகின்றதா என வினவியே பஞ்சுத் தூசி நோயின் படிகளை வகுத்தார்.

இரு நோய்கள் கூடியிருப்போரிடத்து இவ்வாய்மொழி பெரிதும் வேண்டப்படுகிறது. புகையிலை, அடுப்புப் புகை, தூசி முதலியவற்றால் மூச்சுக்குழல்கள் நிலையாகக் குறுகிவிடுவது ஒரு நோய். உறக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து, பத்து நொடியும் அதற்கு மேலும் மூச்சு நின்று நின்று வருவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருத்தலுக்கு எடின்பரோ பேராசிரியர் ஃப்ளென்லி 1985-இல் தனிப்பெயர் சூட்டினார். முன்பே குறைந்துள்ள பிராணவாயு இவர்களுக்கு இரவில் இன்னும் தாழும்.

மெல்போர்ன் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்ட வினாத்தாளில் 8 சூழ்நிலைகள் உள்ளன. படிக்கும்போது, பகலுணவுக்குப் பின் அமர்ந்திருக்கும்போது எனப் பலவற்றில் கண்ணயரும் வாய்ப்பை 0 முதல் 3 வரை நோயாளியே குறிக்கவேண்டும்; கூட்டுத்தொகை 10-க்கு மேற்படின் பகலுறக்கம் மிகுதி. நுரையீரல் நோய்க்கென 2009-இல் வெளிவந்த வினாத்தாளோ இருமல், சளி, மேடேறும்போது வரும் இளைப்பு, உறக்கம், உடற்சுறுசுறுப்பு முதலியவற்றை வினவி 40-க்கு மதிப்பிடுகிறது.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. உறக்கம் கெடுவதை நோயாளி இருமலின்மேல் ஏற்றிவிடுவார். பகல் மயக்கத்தை, "அசதி, வயதாகிவிட்டது" என்று ஒதுக்குவார். ஒரு நோய் மற்றதன் பின்னே மறைந்துகொள்ளும். குறட்டையையும் மூச்சு நிற்பதையும் அவர் அறியார். அருகில் உறங்கும் இல்லாள் அறிவார். ஆதலின் மருத்துவரிடம் அவ்வம்மையாரும் உடன் செல்வது நலம்.

சிட்னியில் காலின் சல்லிவன் 1981-இல் அறிவித்த, முகமூடி வழியே காற்றழுத்தம் தரும் கருவி தொண்டையை அடைபடாமல் காக்கிறது. இரு நோயும் உடையோர் அதனைப் பயன்படுத்தியபோது இறப்பும், நோய் முற்றி மருத்துவமனை சேர்தலும் குறைவாயிருந்தன என 2010-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்று கண்டது. எனினும் பெட்டியில் உறங்கும் கருவியால் பயனில்லை. அணிய இயலாவிடில் அதனையும் கூசாது உரைத்தல் வேண்டும். தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சுத் தடையை மிகுவிக்கக்கூடும். காலையில் தலைவலியோடு எழுவதையும் மறைக்கலாகாது. இரவில் கரியமிலவாயு தேங்குவதற்கு அது ஓர் அடையாளமாயிருக்கலாம்.