மண்ணுக்கு எவ்வளவு சிமெண்டு?



மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டத்து மண்சாலையைப் பார்த்திருப்பீர்கள். காலையில் லோரி சென்ற தடம் மாலைக்குள் பள்ளமாகிவிடும். வெட்டிய குலைகள் ஆலைக்குப் போகாமல் கிடந்தால், பழத்தில் அமிலம் கூடி எண்ணெயின் தரம் கெடும். ஆகவே, சாலை கெட்டால் உழைப்பும் கெடுகிறது.

அந்த மண்ணையே உறுதியாக்க ஒரு வழி, அதனுடன் சிமெண்டு கலந்து இறுக்குவது. 1935ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஜான்சன்வில் என்னும் ஊருக்கு அருகே இம்முறையில் சாலை அமைத்தார்கள்.

"அப்படியானால், சிமெண்டைக் கூட்டக் கூட வலிமையும் கூடுமல்லவா?" என்று கேட்பீர்கள். பொதுவாகக் கூடும். சிமெண்டு நீருடன் சேரும்போது உண்டாகும் பசை போன்ற பொருள் மண் துகள்களைப் பிணைக்கிறது. சிமெண்டு மிகுந்தால் பிணைப்பும் மிகும்.

ஆனால், தேவையான அளவு மண்ணுக்கு மண் மாறும். மணலும் சரளையும் கலந்த மண்ணுக்கு, அதன் உலர்ந்த எடையில் 5 விழுக்காடு போதுமாகலாம். அதாவது, 1000 கிலோ மண்ணுக்கு 50 கிலோ மூட்டை ஒன்று. களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. சிமெண்டு பற்ற வேண்டிய பரப்பு மிக அதிகம். அதற்கு 10 விழுக்காட்டுக்கு மேலும் தேவைப்படலாம். சதுப்பு நிலத்துக் கறுப்பு மண்ணிலோ, மட்கிய இலைதழைகளின் அமிலம் சிமெண்டு இறுகுவதையே தடுக்கிறது. அங்கே சிறிதளவு சிமெண்டு போடுவது வீண் செலவு.

அளவு மிஞ்சினாலும் தொல்லைதான். சாலை இறுகும்போது சுருங்கி, அகலமாக வெடிக்கும். அந்த வெடிப்பில் மழைநீர் இறங்கினால் அடிமண் இளகிவிடும்.

அளவு சரியாக இருந்தாலும் வேலையில் கவனம் வேண்டும். கலவையில் நீர் சேர்ந்த ஏறக்குறைய 2 மணி நேரத்திற்குள் உருளை ஓட்டி இறுக்கிவிட வேண்டும். தாமதித்தால் அரும்பிய பிணைப்புகளை நாமே உடைத்தவர்களாவோம். பிறகு 7 நாள்கள் ஈரம் காயாமல் காக்க வேண்டும்.

நேயர்களே, உங்கள் மண்ணை நீங்களே சோதிக்கலாம். 4, 6, 8 விழுக்காடு சிமெண்டு கலந்து, ஒரே அச்சில் ஒரே அளவாக இடித்து, மூன்று கட்டிகள் செய்யுங்கள். ஈரச் சாக்கில் 7 நாள்கள் வைத்து, பின்னர் ஒரு நாள் நீரில் ஊறவிடுங்கள். கரையாமல் உறுதியாக நிற்பவற்றுள் சிமெண்டு குறைந்த கட்டி எதுவோ, அதுவே உங்களுக்கு முதல் வழிகாட்டி. லோரி ஓடும் சாலையென்றால், ஆய்வுக்கூடத்தில் அழுத்திப் பார்த்த பின்பே மூட்டைகளை வாங்குங்கள்.